ஏஐ எழுதியதா, ஏஐ வைத்து எழுதியதா: லேபிளுக்குச் சரியான சொல்லைப் பிடிப்பது எப்படி

பழைய குடும்பப் படம் ஒன்றைப் போன வருடம் ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கினேன். பாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் கருப்பு வெள்ளைப் படம். குறுக்கே மடிப்பு விழுந்து, அவருடைய வாயும் தாடையும் இருந்த இடத்தில் காகிதமே உரிந்து வெள்ளையாகக் கிடந்தது. ஒரே நிமிடத்தில் செயலி முழு முகத்தையும் கொடுத்துவிட்டது. சந்தோஷத்தில் "பாட்டி படம், ஏஐ மூலம் மீட்டெடுத்தது" என்று எழுதி உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா கூப்பிட்டார். "இது யாரு வாய்? அம்மாவுக்குத் தாடையில மச்சம் உண்டே, அது எங்க போச்சு?"

மச்சம் இருந்த இடம்தான் உரிந்து போயிருந்தது. செயலிக்கு அது தெரிய வழியே இல்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய கணக்கை வைத்து, இந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வாயை ஊகித்து ஒட்டியிருக்கிறது. தப்பு செயலியுடையது இல்லை, நான் போட்ட சொல்லுடையது. மீட்பது என்றால் இருந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. இங்கே எதுவும் திரும்பி வரவில்லை, இல்லாத ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வரியை இப்படி மாற்றி மறுபடி அனுப்பினேன்: "பாட்டி படம். வாயும் தாடையும் அசலில் அழிந்துவிட்டன, அந்தப் பகுதியை ஏஐ ஊகித்து நிரப்பியது. அசல் படம் கீழே."

அன்றிலிருந்து லேபிள், அதாவது ஏஐ பயன்படுத்தியதைச் சொல்லும் அந்த வரி, எழுதும்போது நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லைத்தான். பலர் "ஏஐ" என்ற எழுத்து எங்காவது இருந்தால் போதும், கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் வாசிப்பவருக்குத் தெரிய வேண்டியது இயந்திரம் என்ன செய்தது என்பது. எழுதியதா, திருத்தியதா, சுருக்கியதா, மொழிபெயர்த்ததா, நிறம் ஏற்றியதா, இல்லாததை நிரப்பியதா? ஒவ்வொன்றிலும் பிழை வருகிற இடம் வேறு. சுருக்கியிருந்தால் ஏதாவது விடுபட்டிருக்கலாம் என்று வாசகர் யோசிப்பார், மொழிபெயர்த்திருந்தால் மூலத்தைத் தேடுவார், முழுக்க எழுதியிருந்தால் பெயரையும் தேதியையும் வேறு இடத்தில் ஒருமுறை சரிபார்ப்பார். வெறும் "ஏஐ" என்று போட்டால் இதில் எதையும் அவரால் செய்ய முடியாது.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. லேபிளில் ஏஐ இருக்கும் இடத்தில் ஒரு நண்பரை வைத்து வாசித்துப் பாருங்கள். நண்பர் பத்துப் பத்தியும் எழுதிக் கொடுத்தார், நீங்கள் தலைப்பை மாற்றி நாலு வரியைத் தட்டிச் சரிசெய்தீர்கள். அதை "நண்பர் உதவியுடன் நான் எழுதியது" என்று போட்டால் அவர் ஒத்துக்கொள்வாரா? மாட்டார். அப்படியென்றால் "ஏஐ உதவியுடன்" என்பதும் அங்கே செல்லாது.

ஆல், கொண்டு, உதவியுடன்

இந்த விஷயத்தில் தமிழ் இலக்கணம் நேராகக் கைகொடுக்கிறது. பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமை ஞாபகம் இருக்கும். ஆல் உருபுக்குக் கருவிப் பொருளும் உண்டு, செய்பவர் என்ற கருத்தாப் பொருளும் உண்டு. "வாளால் வெட்டினான்" என்றால் வாள் கருவி. "சிற்பியால் செதுக்கப்பட்டது" என்றால் சிற்பி கருத்தா. அப்போ "ஏஐயால் எழுதப்பட்டது" என்றால் ஏஐ வாளா, சிற்பியா? இரண்டு விதமாகவும் படிக்கலாம், அதுதான் சிக்கல். அதோடு நிற்கவில்லை. கருத்தாவையே இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. "மன்னனால் கட்டப்பட்ட கோயில்" என்றால் மன்னன் கல் சுமக்கவில்லை, கட்டச் சொன்னான், ஆகவே அவன் ஏவுதற் கருத்தா. கல்லைச் செதுக்கிய சிற்பி இயற்றுதற் கருத்தா. ஏஐயிடம் "இதைப் பற்றி ஆயிரம் சொல்லில் எழுது" என்று கேட்டு வாங்கினால் நீங்கள் ஏவியவர், இயற்றியது அது. இவ்வளவு துல்லியமான பாகுபாடு கையிலேயே இருக்கும்போது "ஏஐ மூலம்" என்று மழுப்ப வேண்டிய அவசியம் என்ன?

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஏஐ இயற்றியிருந்தால் செயப்பாட்டு வினையை விட்டுவிட்டு நேராக "எழுதியது ஏஐ" அல்லது "ஏஐ உருவாக்கியது" என்று போடுகிறேன். நான் இயற்றி, அது கருவியாக மட்டும் இருந்தால் "ஏஐ கொண்டு எழுத்துப்பிழை திருத்தினேன்" என்று, எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கொண்டு, வைத்து இரண்டும் கருவிக்குத்தான் வரும், குழப்பம் கிடையாது. "உதவியுடன்" என்பதைத் தனியாக விடுவதே இல்லை, என்ன உதவி என்பது பின்னாலேயே வந்துவிட வேண்டும். "உருவாக்கப்பட்டது", "தயாரிக்கப்பட்டது" போன்ற சொற்களைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள், அந்தப் "பட்டது" எப்போதும் யாரையாவது ஒளித்து வைத்திருக்கும்.

இயற்றியது யார் என்ற கோட்டை எங்கே போடுவது என்பதற்கு அமேசான் தன் மின்னூல் பதிப்பாளர்களுக்கு 2023 செப்டம்பரில் கொண்டுவந்த விதி நல்ல அளவுகோல். உள்ளடக்கத்தை ஏஐ கருவி உருவாக்கியிருந்தால், பிறகு நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அது ஏஐ உருவாக்கியதுதான், அதை அமேசானுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை மெருகேற்றவும் பிழை பார்க்கவும் யோசனை கேட்கவும் பயன்படுத்தியிருந்தால் அது துணைதான், தெரிவிக்கத் தேவையில்லை. அதாவது எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள் என்று பார்ப்பதில்லை, முதல் வடிவம் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினாலும், எந்த விஷயத்தை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற முடிவுகள் முதல் வடிவத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

அதிகமாகச் சொல்வதும் தவறுதான்

குறைத்துச் சொல்வதை மட்டும் எல்லோரும் கண்டிக்கிறார்கள். மிகைப்படுத்தினாலும் லேபிள் பொய்யாகிவிடும். 2024 மே மாதம் மெட்டா தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் படங்களுக்கு "ஏஐ கொண்டு செய்தது" என்ற பொருளில் ஒரு லேபிள் போட ஆரம்பித்தது. கேமராவில் எடுத்த நிஜப் படத்தில் ஒரு சின்னக் கறையை எடிட்டிங் மென்பொருளால் அகற்றியிருந்தாலும் அதே லேபிள் வந்து உட்கார்ந்தது, ஏனென்றால் அந்த மென்பொருள் கோப்புக்குள் ஒரு குறிப்பைப் பதித்திருந்தது. புகைப்படக் கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து எடுத்த படத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதினால் யாருக்குத்தான் கோபம் வராது. ஜூலையில் லேபிளை "ஏஐ தகவல்" என்று மாற்றினார்கள். என் பார்வையில் அதுவும் பாதித் தீர்வுதான். பொய் போனது, ஆனால் வினையும் சேர்ந்து போய்விட்டது. "தகவல்" என்றால் என்ன தகவல்? தட்டிப் பார்த்தால்தான் தெரியும், தட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

செய்தித் துறையின் ஐபிடிசி அமைப்பு வைத்திருக்கும் வகைப்பாடு இதைவிட நேர்த்தியானது. கேமரா எடுத்தது, மனிதர் திருத்தியது, பயிற்சி பெற்ற ஏஐ மாதிரியிலிருந்து (மாடல்) முழுக்க வந்தது, பல பகுதிகளைச் சேர்த்ததில் ஒரு பகுதி மட்டும் அப்படி வந்தது, பயிற்சித் தரவே இல்லாமல் வெறும் கணிதச் சூத்திரத்தால் வந்தது என்று தனித்தனியாகக் குறியீடு உண்டு. குறியீட்டை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் வரி தானாகவே தெளிவாகிவிடும். "பின்னணி மட்டும் ஏஐ உருவாக்கியது, ஆட்கள் கேமராவில் எடுத்தது" என்று ஒரு வரி போதும், யாருக்கும் அநியாயம் நடக்காது.

படமும் புகைப்படமும்

ஏஐ கொடுத்ததை எப்போதும் புகைப்படம் என்று எழுதாதீர்கள். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, எதிரே ஒரு பொருளும் இல்லை. "படம்" என்பது பொதுச் சொல், அது போதும். "ஏஐ புகைப்படம்" என்பது இப்போது எங்கும் புழங்குகிறது. அதைப் படிப்பவருக்கு அங்கே ஏதோ நடந்தது, அதை யாரோ எடுத்தார்கள் என்ற எண்ணம் மிச்சம் இருந்துவிடும்.

"மாதிரிப் படம்" என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். பத்திரிகைகளில் "கோப்புப் படம்" என்றால் பழைய தேதியில் எடுத்த அதே ஆளின், அதே இடத்தின் நிஜப் படம். "மாதிரிப் படம்" என்றால் இந்தச் சம்பவத்தின் படம் இல்லை, ஆனால் இதுபோன்ற வேறொன்றின் படம். இரண்டிலும் ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒரு நாள் அது நடந்திருக்கிறது. ஏஐ படத்தின் கீழே "மாதிரிப் படம்" என்று மட்டும் போட்டால் வாசகர் அந்தப் பழைய அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்வார். "சித்தரிப்பு: ஏஐ உருவாக்கிய படம், இப்படி ஒரு காட்சி எடுக்கப்படவில்லை" என்று போடுங்கள். வெள்ளம், விபத்து, போராட்டம் போன்ற செய்திகளுக்கு என்னைக் கேட்டால் ஏஐ படமே வேண்டாம். லேபிளைத் தவிர்த்துப் படத்தை மட்டும் வெட்டிப் பரப்புவதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

"செயற்கைப் படம்" என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் செயற்கை என்ற சொல்லில் ஒட்டாத தன்மை, போலித்தனம் என்ற வாடை இருக்கிறது. எப்படி உருவானது என்று சொல்வதும் ஏமாற்றுகிறதா என்று சொல்வதும் வெவ்வேறு வேலைகள், ஒரே சொல்லில் இரண்டையும் திணிக்கக் கூடாது. 2023இல் இந்தியா, சீனா உட்பட ஐந்து நாடுகளில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். "ஏஐ உருவாக்கியது" போன்ற சொற்களை மக்கள் உருவான விதத்தோடு பொருத்திக்கொண்டார்கள், "டீப்ஃபேக்" போன்ற சொற்களை ஏமாற்றும் உள்ளடக்கத்தோடு பொருத்தினார்கள். ஆகவே குழந்தைக் கதைக்கு ஏஐ உருவாக்கிய யானைப் படத்துக்குப் போலி என்று பட்டம் கட்டாதீர்கள். டீப்ஃபேக் என்பதை உண்மையாக இருக்கும் ஆளோ இடமோ நிகழ்வோ போலவே காட்டி நிஜம் என்று நம்ப வைக்கக்கூடியவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரையறுக்கிறது.

குரலுக்கும் இதே கதைதான். யாருடைய குரலும் இல்லாத இயந்திரக் குரல் வேறு, ஒரு குறிப்பிட்ட ஆளின் குரலைப் பழகி அவர் பேசுவது போலவே பேசுவது வேறு. முதலாவதற்கு "கணினிக் குரல் வாசித்தது" போதும். இரண்டாவதற்கு "இன்னாருடைய குரலின் ஏஐ நகல், அவர் இதைப் பேசவில்லை" என்பதும், அவர் சம்மதித்தாரா என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

மொழிபெயர்ப்பு, எழுத்துவடிவம், ஓசிஆர்

"இயந்திர மொழிபெயர்ப்பு" நன்றாக ஊன்றிவிட்ட சொல், தாராளமாகப் பயன்படுத்துங்கள். கூடவே எந்த மொழியிலிருந்து என்பதையும், பிறகு மனிதர் மூலத்தோடு ஒப்பிட்டாரா என்பதையும் எழுதுங்கள். ஒப்பிடுவது வேறு, தமிழை மட்டும் படித்துச் சரளமாக்குவது வேறு. இரண்டாவது சில நேரம் ஆபத்தானது. தவறான வரி நெருடிக்கொண்டு இருந்தாலாவது வாசகருக்குச் சந்தேகம் வரும், வழவழவென்று ஆக்கிவிட்டால் அதுவும் போய்விடும். "இயந்திரம் மொழிபெயர்த்தது, நடையை மட்டும் நான் திருத்தினேன்" என்று சொல்லிவிட்டால் நியாயம்.

பேச்சைக் கேட்டு எழுதியதை "எழுத்துப்பெயர்ப்பு" என்று சிலர் குறிக்கிறார்கள். அது ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழி எழுத்தில் எழுதுவதற்கான சொல், இங்கே பொருந்தாது. "ஒலிப்பதிவிலிருந்து கணினி எடுத்த எழுத்துவடிவம்" என்று விரித்தே எழுதலாம். படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படித்தெடுக்கும் ஓசிஆரும் அப்படித்தான், அங்கே "உருவாக்கியது" என்ற சொல் தப்பு, ஏற்கெனவே இருக்கும் எழுத்தை அது அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். பழைய ஓசிஆர் தெரியாத எழுத்தில் தடுமாறி ஒன்றுக்கு இன்னொன்றைப் போடும், பெரும்பாலும் பார்த்ததுமே பிழை என்று தெரிந்துவிடும். இப்போது சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளிடம் பக்கத்தின் படத்தைக் கொடுத்து எழுத்தை எடுக்கிறார்களே, அவை படிக்க முடியாத வரியை அழகான வேறொரு வரியால் நிரப்பிவிடக்கூடும். பாட்டியின் தாடை மாதிரியேதான். அதனால் எந்த வகைக் கருவி என்பதை அங்கே குறிப்பிடுவது அவசியம்.

"தானியங்கி" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறீர்களா? 2014 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ், நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் ஒரு செய்தி போட்டது. அதன் அடியில், தகவல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்க அறிவிப்புச் சேவையிலிருந்து வந்தது, பதிவை உருவாக்கியது இந்தச் செய்தியாளர் எழுதிய அல்காரிதம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. நான் பார்த்த லேபிள்களில் இதைவிட நேர்மையானது குறைவு. தரவு எங்கிருந்து, எழுதியது எது, அதைச் செய்தது யார், மூன்றும் ஒரே வாக்கியத்தில். 2017 ஜூனில் அதே நிரல் 1925இல் வந்த பழைய நிலநடுக்கத்தைப் புதிது என்று அறிவித்துவிட்டது, ஏனென்றால் அந்தச் சேவையே தவறான அறிவிப்பை அனுப்பியிருந்தது. இந்த மாதிரி வேலையில் தவறு தரவு வழியாக வரும் என்பதால்தான் மூலத்தின் பெயர் லேபிளில் இருக்க வேண்டும். தயாராக இருக்கும் வாக்கியத்தில் எண்ணை மட்டும் நிரப்பும் இவற்றைத் "தானியங்கி" என்பது பொருத்தம். மொழி மாதிரி எழுதியதை அதே சொல்லால் குறித்தால் எண்ணை மட்டும் சரிபார்த்தால் போதும் என்ற தப்பான தெம்பு வந்துவிடும்.

சரிபார்த்தது என்றால் எதை?

சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் 2022 கடைசியில் பணம் பற்றிய கட்டுரைகள் ஊழியர் குழுவின் பொதுப்பெயரில் வெளிவந்தன. பெயரைத் தட்டினால் மட்டும், தானியங்கித் தொழில்நுட்பம் உருவாக்கியது, ஆசிரியர் ஒருவர் முழுமையாகத் திருத்தித் தகவலைச் சரிபார்த்தார் என்ற பொருளில் ஒரு குறிப்பு தெரிந்தது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து மறுபடி பார்த்தபோது 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. வட்டிக் கணக்கே தவறாக இருந்திருக்கிறது. அந்த லேபிளில் ஏஐ என்ற சொல்லே இல்லை, ஆனால் என்னை அதிகம் உறுத்துவது "சரிபார்த்தார்" என்ற பாதிதான். இயந்திரம் எழுதியதை விட, மனிதர் பார்த்துவிட்டார் என்ற உறுதிமொழியை நம்பித்தான் வாசகர் ஏமாந்தார்.

அதனால் "சரிபார்க்கப்பட்டது" என்று வெறுமனே போடாதீர்கள். தமிழில் மெய்ப்பு பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, நிறுத்தக்குறி. தகவல் சரிபார்ப்பு என்றால் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் எண்ணையும் வேறு மூலத்தில் தேடிப் பார்ப்பது. எதைச் செய்தீர்களோ அதை எழுதுங்கள்: "எழுதியது ஏஐ. மெய்ப்பு மட்டும் பார்த்தேன், தகவல்களைச் சரிபார்க்கவில்லை." இப்படி எழுதக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சம் வந்தால் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு அப்புறம் வெளியிடலாம். ஐரோப்பியச் சட்டத்தில்கூட, பொதுமக்களுக்கான விஷயங்களில் ஏஐ எழுத்தை மனிதர் பரிசீலித்து ஒருவர் ஆசிரியப் பொறுப்பும் ஏற்றால் தெரிவிப்பதிலிருந்து விலக்கு உண்டு. அவ்வளவு எடை உள்ள சொல்லை அலட்சியமாகப் போடலாமா?

அடுத்தவர் எழுத்துக்கு லேபிள் ஒட்டுவது தனி விஷயம். "இது ஏஐ எழுதியது" என்று கண்டறியும் கருவி சொன்னதை வைத்து முத்திரை குத்தாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ என்று இத்தகைய கருவிகள் காட்டியதாக அதே ஆண்டு ஓர் ஆய்வு வந்தது. உங்களுக்குத் தெரிந்தது சந்தேகம் மட்டும் என்றால் "ஏஐ எழுதியிருக்கலாம், இந்த மேற்கோள் எங்கும் கிடைக்கவில்லை" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

எங்கே போடுவது? பார்வை முதலில் விழுகிற இடத்தில், கட்டுரைக்கு மேலே, படத்துக்கு ஒட்டியே. கோப்புக்குள் பதிக்கும் குறிப்பும் வேண்டும்தான், சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் கண்ணுக்குத் தெரியும் லேபிள், கோப்புக்குள் மறைந்திருக்கும் லேபிள் என்று இரண்டையுமே விதியாக்கிவிட்டார்கள். ஆனால் உள்ளே பதித்தது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போய்விடும், வெளியே எழுதியது வெட்டினால் போய்விடும், எனவே ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். "செயற்கை நுண்ணறிவு" என்று முழுதாக எழுதுவதா "ஏஐ" என்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், எது உங்கள் வாசகருக்குச் சட்டென்று புரியுமோ அது. "செ.நு." என்று சுருக்காதீர்கள், அதைப் பார்த்து யாருக்கும் புரியாது. மாதிரியின் பெயரும் மாதமும் கட்டுரைக்குத் தேவைப்பட்டால் சேருங்கள், பொழுதுபோக்குப் படத்துக்கு அது வேண்டியதில்லை.

இதெல்லாம் படித்த கையோடு உங்கள் பழைய பதிவுகளில் "ஏஐ உதவியுடன்", "ஏஐ மூலம்" என்று தேடிப் பாருங்கள். நான் தேடியபோது பதினொன்று கிடைத்தது. அதில் நாலு உண்மையில் முழுக்க ஏஐ எழுதியவை. அவற்றில் லேபிளைச் சத்தமில்லாமல் மாற்றாமல், "முன்பு 'ஏஐ உதவியுடன்' என்று இருந்தது, முதல் வடிவத்தை எழுதியது ஏஐ என்பதால் திருத்தியிருக்கிறேன்" என்று தேதியோடு சேர்த்தேன். பாட்டி படத்தில் பெரியம்மா சொன்ன இடத்தில் மச்சத்தைக் கையால் வரைந்தேன். அதையும் அந்த வரியிலேயே எழுதியிருக்கிறேன்: "மச்சம், மகள் நினைவிலிருந்து சொல்ல, பேரன் வரைந்தது."